பங்காளி என்னும் சொல்



திருக்குறளில் 'சுற்றந்தழால்' என்பது ஐம்பத்துமூன்றாம் அதிகாரம். அது இல்லறவியலில் இல்லை; பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. சுற்றத்தைத் தழுவி நிற்றல் அன்பின் பெருக்கால் தானே நிகழ்ந்துவிடுவதன்று, முறைசெய்து பேணவேண்டிய கடமை என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துவதாகக் கொள்ளலாம். ஒரு குடியைச் சேர்ந்தோர் ஓரிடத்தில் கூடுகின்றனர் என்றால், கூட்டுபவர் யார், கூடுமிடம் யாருடையது, செலவு யாரைச் சார்ந்தது, ஏட்டில் யார் பெயர் உள்ளது என்னும் வினாக்கள் அதன் பின்னே நிற்கின்றன. இவற்றுள் இறுதி வினாவே இவ்வுரையின் பொருளாகும்.

முதலில் பிறநாட்டு வழக்கம் ஒன்றைக் காண்போம். பிரெஞ்சு நாட்டில் கோடை வந்ததும் நகரங்கள் வெறிச்சோடும். பாட்டன் பாட்டியின் நாட்டுப்புற வீட்டிலோ, வாடகைக்கு எடுத்த பண்ணை வீட்டிலோ மக்களும் பேரர்களும் கூடி ஓரிரு வாரம் ஒரே அடுப்பில் சமைத்து உண்பர். இவ்வழக்கம் பரவலானதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர் அனைவர்க்கும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுப்பை வழங்கியது. அது 1956இல் மூன்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து வாரமாக வளர்ந்தது. அந்நாட்டின் 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் பெற்றோர் சொத்தில் ஆண், பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமபங்கு அளித்தது. அதே சட்டம் மணமான பெண்ணைக் கணவனின் ஆணைக்கு உட்படுத்தியதும் உண்மையே. கணவன் இசைவின்றித் தொழில் செய்யும் உரிமை அவளுக்கு 1965இல்தான் கிட்டியது. ஆயினும் பெற்றோரின் வீட்டுக்குக் கோடையில் வந்து இறங்கும் மகள் அங்கே விருந்தினள் அல்லள், பங்குடையவள்.

பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையத்தில் நூற்பாலையைத் தொடங்கியதும் அதே 1936ஆம் ஆண்டே. ஆலைத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு என்பது பின்னர் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தால் உறுதிப்பட்டது. இருபது நாள் வேலைக்கு ஒருநாள் என்பது அதன் அளவு. ஆனால் இவ்வட்டாரத்தில் சுற்றத்தார் கூடும் நாளைச் சட்டம் குறிக்கவில்லை, பஞ்சாங்கம் குறித்தது. அந்நாளே பங்குனி உத்திரம்.

தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரம் சாத்தாவின் நாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலும், குளக்கரைகளிலும், தேரிக்காடுகளிலும் ஆண்டு முழுதும் ஆளரவமற்றுக் கிடக்கும் கோயில்கள் அன்று ஊராகிவிடும். இராசபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார், தேவதானத்துக்கு அப்பால் மலையோரத்தில் சாஸ்தா கோயில் என இவ்வட்டாரத்திலும் அத்தகைய இடங்கள் உள. பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் கோவைக்கும் மும்பைக்கும் போனவர்கள் பொதிகை விரைவு வண்டியிலும் பேருந்திலும் வந்து இறங்குவர். பெயர்மட்டும் கேட்டறிந்த சிற்றப்பனும், முகம் மறந்துபோன ஒன்றுவிட்ட தங்கையும் ஒரே மரநிழலில் அமர்வர். மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்பர். காவல் தெய்வங்களுக்குக் கிடா வெட்டுவோர் சாத்தாவின் முன் திரையிட்டு மறைத்துவிட்டே வெட்டுவர். குழந்தைக்கு முடியிறக்குவதும் காது குத்துவதும் அங்கேதான்.

இக்கூடுகையை நடத்துவது ஒரு சிறு குறிப்பேடு. 'தலைக்கட்டு வரி' என்று அதனைச் சொல்வர். மணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி, வசூலித்து, பந்தல் முதல் பாத்திரம் வரை செலவிட்டு, மிச்சத்தைக் கணக்கில் காட்டுவர். கோயிலுக்குச் சுவர் எழுப்புவதா, கிணறு வெட்டுவதா என்று முடிவெடுப்போரும் வரி கொடுப்போரே. அவர்கள் தமக்குள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் முறைப்பெயர் 'பங்காளி'. பங்கினை ஆள்பவர் பங்காளி. சொல்லின் அமைப்பில் ஆண், பெண் என்னும் வரையறை ஏதுமில்லை. வழக்கிலோ அது தந்தைவழி ஆண்மக்களுக்கே உரியதாகிவிட்டது. உடன்பிறந்தாள் பங்காளி அல்லள். மணம் முடிந்த அன்றே அவளது குலதெய்வம் மாறிவிடுகிறது. பிறந்த வீட்டுத் தெய்வத்தின் கொடைக்கு அவள் வரலாம். பொங்கல் பானைக்கு விறகு தள்ளலாம். அழைத்தவர் இலை போட்டால் உண்ணலாம். ஏட்டில் அவள் பெயர் இராது. கணவன் வீட்டு ஏட்டிலும் கணவன் பெயரே இருக்கும். இரண்டு தெய்வங்களின் முன்னிலையில் வாழ்நாளெல்லாம் சமைத்த ஒருத்தி, இரண்டு ஏடுகளிலும் இல்லாமலே மறைகிறாள்.

வழக்கம் இதனை அறியாமல் இல்லை. அறிந்தே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. கணவன் வீட்டுக் குலதெய்வத்தின் முன்பு பிள்ளைக்குக் காது குத்தும்போது, அப்பிள்ளை அமரவேண்டியது தாய்மாமன் மடியில். பங்காளிகள் எத்தனைபேர் கூடியிருந்தாலும் தாயின் பிறந்தகத்திலிருந்து ஒருவன் வந்தாலன்றிச் சடங்கு நடவாது. பெண்ணின் பிறப்புவழி அற்றுப்போகவில்லை என்பதற்கு இம்மடி சான்று. ஆனால் அச்சான்றும் உடன்பிறந்தான் வழியாகவே வருகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டுக்குள்ளேயே 'கன்னி' என்று வைத்து, சிற்றாடை சாத்தி வழிபடும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் பல. இறந்த மகள் என்றும் பிறந்தகத்தவளாகவே இருக்கிறாள். வாழும் மகள் வெளியே நிற்கிறாள். இம்முரண் வழிபடுவோர் கண்ணுக்குப் புலப்படாமற்போனது வியப்பே.

இராசபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரில் இதே வினாவுக்கு வேறொரு விடை நெடுங்காலமாக நிகழ்த்திக் காட்டப்படுகிறது. சாத்தா கோயில்களில் தலைக்கட்டுகள் கூடும் அதே பங்குனி உத்திரத்தன்றுதான் அங்கே ஆண்டாள் திருக்கல்யாணம். துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த மகள் திருவரங்கம் சென்று அரங்கனோடு கலந்தாள் என்பது வரலாறு. ஆனால் ஊர் அவளை அனுப்பிவிட்டு அமையவில்லை. மணவாளனை ரங்கமன்னாராக இங்கேயே எழுந்தருளச் செய்து, அழைத்து வந்த கருடனையும் உடன் நிறுத்திக்கொண்டது. கோயிலுக்குப் பெயர் வழங்குவது மகளின் பெயரால். மாப்பிள்ளை மகள் வீட்டில் இருக்கிறார்.

மார்கழியில் பகல்பத்தின் முதல்நாள் நிகழும் 'பச்சை பரத்தல்' இதனினும் நுட்பமானது. பெரியாழ்வார் மரபினரான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருள்வர். பிறந்தகம் வரும் மகளை எதிர்கொள்ளும் முறையில் பச்சைக் காய்கறிகளைப் பரப்பி வைத்திருப்பர். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் படைப்பர். தலைமுறைகள் பல கடந்தும் அவ்வீட்டார் 'எங்கள் வீட்டுப் பெண் வருகிறாள்' என்னும் உறவிலேயே நிற்கின்றனர். இங்கே மகளின் வருகை யாருடைய தயவாலும் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் நாள் குறிக்கப்பட்ட முறைமை. ஆடிப்பூரத்தில் தேர் வடம் பிடிக்கச் சுற்றுப்புற ஊர்களெல்லாம் திரள்வதும் அம்மகளின் பிறந்தநாளுக்கே ஆகும்.

தெய்வத்துக்கு ஒரு நீதி, மனிதருக்கு ஒரு நீதியா என்று சிலர் கேட்கக்கூடும். மனிதருக்கான நீதியும் மாறிவிட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பிறப்புரிமையைத் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் அளித்தது. அந்நாளுக்கு முன் மணமான மகளிர்க்கு அது எட்டவில்லை. அத்தடையை 2005ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நீக்கியது. அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பாலேயே வருவது என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆக, இன்று மகள் சட்டப்படி பங்கினை ஆள்பவள். சொல்லின் நேர்ப்பொருளில் பங்காளி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவள் கையொப்பம் வேண்டப்படுகிறது. குலதெய்வக் கோயிலின் குறிப்பேட்டில்தான் அவள் இன்னும் ஏறவில்லை.

'அவளுக்குக் கணவன் வீட்டில் ஒரு வரி உண்டே, இரண்டு வரியா கட்டுவாள்?' என்று மூத்தோர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் சொத்தில் இருபுறமும் தொடர்புடையவள் கடமையிலும் இருபுறமும் தொடர்புடையவளாதல் இயல்பு. கட்ட இயலுமா, கட்ட விருப்பமா என்பதை அவளிடமே கேட்கலாம். கேட்பதற்கு முன்பே பெயரை விட்டுவிடுவதுதான் முறையன்று.

உரிமையோடு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். ஒரு பெண்ணோ, இரு பெண்களோ மட்டுமே உள்ள வீடுகள் இன்று தெருவுக்குத் தெரு உள்ளன. அவ்வீட்டுத் தந்தை மறைந்ததும் அந்தத் தலைக்கட்டை ஏட்டிலிருந்து அடித்துவிடுகின்றனர். ஆண்டுக்கு ஒரு பெயர் அடிபட்டால் முப்பது ஆண்டில் முப்பது பெயர். பின்னர் மலையடிவாரத்துக் கோயிலில் விளக்கேற்ற யார் வருவர்? வருவதற்கு மனமுள்ள மகள்களும், அவர்தம் பிள்ளைகளும் இருக்கும்போதே ஆளில்லை என்று கோயில் பூட்டப்படும்.

வரும் பங்குனிக்கு வரி பிரிக்க அமர்வோர் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு தலைக்கட்டின் பெயருக்குக் கீழும் அவ்வீட்டில் பிறந்த பெண்மக்களின் பெயரை, அவர்கள் எவ்வூரில் வாழ்ந்தாலும், எழுதலாம். வரித்தொகைக்கான இடத்தை வெற்றாக விட்டு, அழைப்பை அவர்கள் பெயருக்கே அனுப்பலாம். உடன்பிறந்தான் இல்லாத வீட்டின் மகள் தானே வரியைக் கொடுத்துப் பொங்கலிட முன்வந்தால், அவளைப் பங்காளி என்றே அழைக்கலாம். புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. இருக்கும் சொல்லை அதன் முழுப்பொருளில் வழங்கினால் போதும்.