அடைபட்ட வழியிலும் அவர் நடத்துகிறார்



பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போவதா, ஊரில் வயதான தாயைப் பார்ப்பதா? வீசா மறுக்கப்பட்டால் தேவன் கைவிட்டுவிட்டாரா? எங்களில் பலர் இக்கேள்விகளோடுதான் ஜெபிக்கிறோம்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் பித்தினியாவுக்குப் போக முயன்றார், ஆவியானவர் தடுத்தார். காரணம் அங்கே சொல்லப்படவில்லை. துரோவாவில் தரிசனம் கண்டபின், உடனிருந்தவர்களும் அது தேவ அழைப்பென்று நிச்சயிக்க, தாமதிக்காமல் மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார்கள். பிலிப்பியில் ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களோடு பேசினார்கள். அவர்களுள் ஒருத்தியான லீதியாள் விசுவாசித்தாள். அவள் வீடு சகோதரர் கூடும் இடமாயிற்று. பித்தினியா திறந்திருந்தால் அந்த ஆற்றங்கரை?

ஆகவே ஜெபியுங்கள், வேதத்தை வாசியுங்கள், விசுவாசமுள்ளவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். பின்பு, தெரிகிற அடுத்த அடியைத் தைரியமாக வையுங்கள். மிச்ச வழியை அவர் அறிவார்.