பல்கலைக்கழக ஆய்வும் நமது பழைய இடாப்புகளும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் அக்கா தொலைபேசியில், "நீ டாக்டர்தானே, சயன்ஸ் பக்கமாகப் பேசு, பிள்ளைகளுக்கு ஆசை வரும்" என்றார். அக்கா மன்னிக்க வேண்டும். என் பேச்சில் பாதி கலைப்பிரிவைப் பற்றித்தான் இருக்கப்போகிறது.

நான் சாதாரண தரம் முடித்தபோது உயர்தர உயிரியல் படிக்க இங்கே வசதி இருக்கவில்லை. விடியற்காலை பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய்வந்தேன். பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டில் பஸ் காசுக்கு வழியில்லாததால் இங்கேயே கலைப்பிரிவில் படித்தாள். ஊரில் என்னைக் காண்பவர்கள் "டாக்டராகப் போற பிள்ளை" என்பார்கள். அவளிடம், "ஆர்ட்ஸா? பரவாயில்லை, டீச்சர் வேலையாவது கிடைக்கும்" என்பார்கள். அந்தப் "பரவாயில்லை"யை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு இரண்டு பேருக்குமே பேராதனை கிடைத்தது.

பேராதனையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. மருத்துவ பீடம் 1962 இல் ஆரம்பமானது. கலை, விஞ்ஞானம், விவசாயம், பொறியியல் என்று எல்லாப் பீடங்களும் ஒரே வளாகத்தில் இருந்தாலும், மருத்துவ மாணவர்களான நாங்கள் கலைப்பீடப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. எங்களுக்கு நேரமும் இல்லை. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் அந்தத் தோழி என்னை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை விரித்து வைத்தாள். பேராதனையின் வரலாற்றாசிரியர் கே.எம். டி சில்வா 1961 இல் எழுதிய கட்டுரை. 1840 முதல் 1855 வரை இந்தியத் தொழிலாளர் இலங்கைக்கு வந்த முதற் கட்டத்தைப் பற்றியது. என் அம்மாயி அடுப்படியில் உட்கார்ந்து, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தார்கள், வாந்திபேதி கண்டவர்களை வழியிலே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள் என்று சொல்லுவார். நான் அதை அம்மாயி கதை என்றே எண்ணியிருந்தேன். ஒரு பேராசிரியர் அரசாங்கக் கடிதங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து எழுதக்கூடிய வரலாறு அது என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த மு. சின்னத்தம்பி அவர்களைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். நம் மலையகத்திலிருந்தே போய்த் தோட்டப் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்.

இதைவிடப் பெரிய பாடம் எனக்கு வேலைக்கு வந்த பிறகு கிடைத்தது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

தோட்டப்புறக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் ஒன்றை நான் பார்த்துவந்த காலம். ஒரு தாய்க்கு ஈமோகுளோபின் ஏறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம். "மாத்திரை குடிக்கிறியா?" என்று கேட்டால், "குடிக்கிறேங்க டாக்டர்" என்பார். மூன்றாம் முறை வந்தபோது ஏசிவிட்டேன். பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். லயத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படிக் கேட்டேன்.

அதே மாதம், சமூகவியல் இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு மாணவி அந்தத் தோட்டத்துக்கு வந்தார். அவரும் நமது பாடசாலைப் பிள்ளைதான். இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவர் கையில் இரத்தம் எடுக்கும் ஊசி இல்லை, ஒரு கொப்பி மட்டும்தான். பிரட்டுக்களத்துக்கு அந்தத் தாயோடு போனார், மலைக்குப் போனார், கொழுந்து நிறுக்கும்வரை கூட நின்றார், மாலையில் லயத்தில் உட்கார்ந்து ரொட்டி தட்டினார். நான்காம் நாள் அந்தத் தாய் தானாகவே சொன்னாராம்: "மாத்திரைய ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் குடிக்கிறேன் புள்ள. குடிச்சா வயித்த கலக்குது. மலையில எங்க போறது? ஆம்பள கங்காணி நிக்கிறாரு. ஓடி லயத்துக்கு வந்தா அரைப்பேருதான் விழும்."

ஆறு நாள் வேலை, ஒரு நாள் மாத்திரை. அவர் பொய் சொல்லவில்லை. குடிக்கிறாயா என்று கேட்டேன், குடிக்கிறேன் என்றார். எப்போது என்று நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு மாத்திரையையும் அவர் சாயத் தேத்தண்ணியோடுதான் விழுங்கினார் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

மாத்திரையை இரவுக்கு மாற்றினேன். தேத்தண்ணி குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து, தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கச் சொன்னேன். மலையில் கழிப்பறை இல்லாத விஷயத்தை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. அதை வேறு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுதினோம். குழந்தை 2.4 கிலோவில் பிறந்தது. 2.5க்குக் கீழே என்றால் எடை குறைந்த பிள்ளை என்றுதான் பதிய வேண்டும். அப்படியே பதிந்தேன். நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப்புறத்தில் எடை குறைந்த பிள்ளைகள் அதிகம் என்று அறிக்கைகளில் வாசிப்பீர்கள். அந்தத் தொகைக்குள் இந்தப் பிள்ளையும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக் கதை அறிக்கையில் இருக்காது.

பிள்ளைகளே, ஆய்வு என்றவுடன் நுணுக்குக்காட்டியும் வெள்ளைக் கோட்டும்தான் உங்கள் மனதில் வரும். நமது பதுளை மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. மகியங்கனைக்கு அப்பால் கிராந்துருகோட்டை. மகாவலித் திட்டத்தில் குடியேறிய விவசாயிகள் வாழும் இடம். நீரிழிவும் இல்லை, உயர் குருதி அமுக்கமும் இல்லை, ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. 1990களில் அனுராதபுரப் பக்கத்தில் முதலில் கவனத்துக்கு வந்த நோய் இது. இங்கேயும் இருப்பது பிறகு தெரிந்தது. வைத்தியர்கள் நோயாளியைப் பார்த்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பேராதனைப் புவிச்சரிதவியல் துறையில் பேராசிரியர் சி.பி. திசாநாயக்கவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களிலேயே நாட்டின் நிலத்தடி நீரில் எங்கே என்ன கரைந்திருக்கிறது என்று வரைபடம் போட்டிருந்தார்கள். புளோரைட்டினால் பிள்ளைகளின் பல் கறைபடுவது அப்போது அவர்கள் கவனித்த விஷயங்களில் ஒன்று. பல்லுக்காகப் பார்த்த அந்தத் தண்ணீரைச் சிறுநீரகத்துக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, கடினத்தன்மையும் புளோரைட்டும் கூடிய கிணற்று நீர் குடிக்கும் இடங்களில் நோய் அதிகமாகவும் ஊற்று நீர் குடிப்பவர்களிடம் குறைவாகவும் தெரிந்தது. ஆனாலும் புளோரைட் உள்ள எல்லா ஊரிலும் இந்த நோய் இல்லை. விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வது, பரம்பரை என்று வாதம் தொடர்கிறது. ஒரே காரணம் என்று இதுவரை முடிவாகவில்லை.

இங்கே கவனியுங்கள். இந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் குடியேறியது? அதற்கு முன் எந்தத் தண்ணீர் குடித்தது? புதிய இடத்தில் கிணறு வெட்டும் வரை என்ன செய்தது? இவை குடியேற்ற வரலாற்றுக் கேள்விகள். இரத்தப் பரிசோதனையில் இதற்கு விடை வராது. ஒரு பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர் வேண்டும். கேட்டதைச் சரியாக எழுதிக்கொள்ளவும் தெரிந்தவர் வேண்டும்.

மீரியபெத்தையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. மண்ணைப் பற்றி விஞ்ஞானம் சொன்னது சரியாகவே இருந்தது. அப்படியும் லயங்கள் அங்கேயே இருந்தன. ஏன்? எச்சரிக்கை யார் கைக்கு வந்தது, எந்த மொழியில் வந்தது, லயத்திலிருந்த மனிதர் அதை எப்படி விளங்கிக்கொண்டார்? சொந்தமாக ஓரடி நிலமில்லாதவர் எந்த நிலத்துக்குப் போவது? வேலை இந்த மலையில் இருக்க, வீடு எங்கே அமைவது? சரிவின் பாகையை அளந்தவரிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கேட்பது நியாயமில்லை. இவற்றைக் கேட்கவும் அதே அளவு கவனத்தோடு ஓர் ஆய்வு வேண்டும். மழை பெய்யும் இரவுகளில் இன்றைக்கும் நம்மில் பலர் தூங்குவதில்லை. அதனால் இதை நான் ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை.

ஒரு சின்ன ஆதங்கம். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இல் அமைந்தது. அதன் பிராந்திய நிலையம் ஒன்று நமது பசறையிலேயே இருக்கிறது. ஆடிக் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் அந்த வாசனை எந்த இரசாயனத்தால் வருகிறது என்பது வரை உலகம் ஆராய்ந்துவிட்டது. பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. எல்லாம் நல்லது, அது நமது சோறு. ஆனால் செடியைப் பற்றித் தெரிந்த அளவுக்குச் செடியைக் கிள்ளுகிறவளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறோமா?

இனித்தான் நான் இங்கே வந்த காரியம். போன மாதம் அதிபரைச் சந்திக்க வந்தபோது, களஞ்சிய அறையில் ஓடு ஒழுகுகிறது, பழைய குப்பைகளை அகற்றப்போகிறோம் என்றார்கள். குப்பை என்று ஒதுக்கியிருந்தது நமது பாடசாலையின் சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும். பதுளைக்கு ரயில் வந்த காலத்தில் பிறந்த பாடசாலை இது. முதல் இடாப்பில் கறையான் பாதி தின்றுவிட்டது, மீதி இருக்கிறது.

அன்று பின்னேரம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம். அந்தக் கடைசி நிரலை மட்டும் படித்துக்கொண்டு போனேன். "தோட்டம் மாறியமை." "பெரிய பிள்ளையானமை." "கொழுந்துக்குப் பேர் பதிந்தமை." அதற்குப் பிறகு சில பக்கங்களில் ஒரே சொல் வரிசையாக: "இந்தியா." "இந்தியா." "இந்தியா." 1948 இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டன. அந்த ஐந்து இலட்சம் என் மனதில் எப்போதும் ஒரு தொகையாகத்தான் இருந்தது. இங்கே அது ஐந்தாம் வகுப்பில் என் பெரியம்மாவோடு படித்த பிள்ளைகளாக இருந்தது.

நாட்டில் எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் இந்தப் புத்தகங்களுக்குப் பிரதி கிடையாது. தோட்டத்துப் பெண் பிள்ளை எந்த வயதில் படிப்பை விட்டாள், எந்தக் காலத்தில் அந்த வயது கூடியது என்பதை வரலாறு படிக்கும் பிள்ளை இதிலிருந்து எடுக்கலாம். புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளை கணக்குப் போடலாம். தாயின் படிப்புக்கும் அவள் பெறும் பிள்ளையின் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதால் மருத்துவ பீடப் பிள்ளைக்கும் இதில் வேலை உண்டு. ஒரு நிபந்தனை. இவை உயிரோடிருப்பவர்களின் விபரங்கள். அதிபரின் அனுமதியும் பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் இல்லாமல் ஒரு பெயரும் வெளியே போகக்கூடாது, முகநூலில் படம் போடவும் கூடாது.

சங்கம் நூற்றாண்டு நிதியில் விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் திருத்துகிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன், இன்னும் கேட்டாலும் தருவேன். அதற்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலுமாரியும் கறையான் மருந்தும் ஒரு ஸ்கேனரும் வேண்டும். அந்தச் செலவு என்னுடையது. அதிபர் சம்மதித்துவிட்டார், அவருக்கு என் நன்றி. என் தோழி இப்போது ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறாள். இரண்டு வார விடுமுறையில் வந்து எப்படிப் பட்டியல் போடுவது என்று காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உயர்தரப் பிள்ளைகளில் நான்கு பேர் தேவை. கலைப்பிரிவில் இரண்டு, விஞ்ஞானப் பிரிவில் இரண்டு. இடாப்புகளை நூலக அறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறோம். தேநீர் முடிந்ததும் அங்கே வாருங்கள். அக்காமாரும் வந்து உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எல்லோரும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள், தாள் உதிர்கிறது.