சீருடை கழன்ற பிறகு



அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயர் படையில் சுபேதார். ஊர்ப் பள்ளிகள் தீண்டப்படாதவர்களை விரட்டிய காலத்தில் படைக்குள் கல்வி கட்டாயமாக இருந்தது. அங்கே படித்த ராம்ஜி, படைப்பள்ளிக்கே தலைமை ஆசிரியரானார். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

இன்று சேலம், நாமக்கல் கிராமங்களிலிருந்து அக்னிவீரராகப் போகிற தம்பிகளுக்குப் பணி 4 ஆண்டுதான். 100 பேரில் அதிகபட்சம் 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. திரும்பி வரும்போது சீருடை இருக்காது. ஊரும் சேரியும் மட்டும் அப்படியே பிரிந்து கிடக்கும்.

அக்னிவீரர்களுக்கென்று இக்னோ பல்கலைக்கழகத்தில் 3 ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. 2022இல் அறிவித்தார்கள். பாதி கிரெடிட் படைப் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குப் பாடம் படித்துத் தேர்வெழுத வேண்டும். பட்டம் இருந்தால்தான் குரூப் 1, குரூப் 2 தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். இல்லாவிட்டால், துப்பாக்கி பிடித்த கைக்கு ஏ.டி.எம். வாசலில் காவலாளி வேலைதான்.

எனவே தம்பிகளே, பணியில் இருக்கும்போதே படித்து முடியுங்கள். அரசிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: படி என்று சொன்னால் போதாது, படிக்க நேரமும் தேர்வு நாளில் விடுப்பும் கொடு. அது சலுகை அல்ல, உரிமை.