தீ வைத்த வீடுகள்

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகளின் பூர்வ கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் உள்ள ஒரு விதம் இது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் வேட்டைக்குப் போகிறார்கள். நாய்கள் மட்டும் முந்தி வீடு திரும்புகின்றன. புருஷன்மார் செத்துவிட்டார்கள் என்றெண்ணி, பெண்கள் வீட்டுக்குத் தீ வைத்து உள்ளேயே மாண்டுபோகிறார்கள். பிந்தி வந்த சகோதரர்கள் வேறு வேறு குலத்தில் பெண் கட்டி, ஆளுக்கொரு மலையில் குடியேறுகிறார்கள். மூத்தவர் ஏறியது நம் சேர்வராயன் மலை.

இத்தனை சாவு விழுந்த இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை.

ஜான் ஸ்டைன்பெக் 1952-ல் எழுதிய 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலிலும் ஒருத்தி வீட்டுக்குத் தீ வைக்கிறாள். பெற்றவர்கள் உள்ளே இருக்கும்போதே! அவள் பெயர் கேத்தி. ஆடம் டிராஸ்குக்கு வாழ்க்கைப்பட்டு, கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் கால், ஏரன் என்ற இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப் போட்டுவிட்டு, புருஷனையும் சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போகிறவள்.

பனிக்கட்டியில் வைத்துக் கீரை அனுப்பும் யோசனையில் அப்பா பணத்தைத் தொலைக்கிறார். கால் முதல் உலகப் போர்க்காலத்தில் பீன்ஸ் வாங்கி விற்று, 15,000 டாலர் சேர்த்து, நன்றி சொல்லும் திருநாளன்று அவர் முன் வைக்கிறான். பையன்களைப் போருக்கு அனுப்பும் குழுவில் இருப்பவர் ஆடம். போரில் வந்த லாபம் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். காப்பி பயிரிடுகிற நமக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். பிரேசில் தோட்டங்களைப் பனி கருக்கினால் ஏற்காட்டில் விலை ஏறுகிறது. அந்தப் பணத்தை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவமானம் தாங்காத கால், விலைமாதர் விடுதி நடத்தும் தாயிடம் ஏரனைக் கூட்டிப்போய்க் காட்டுகிறான். மனமுடைந்த ஏரன் பட்டாளத்தில் சேர்ந்து சாகிறான். நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான் கால்.

தாயின் ரத்தம்தான் தன்னை இப்படிச் செய்ய வைத்ததோ என்று அவன் மருகுகிறான். அந்தச் சாக்கை ஸ்டைன்பெக் அவனுக்குத் தரவில்லை. செய்தது நீ, இனி திருந்துவதும் உன் கையில் என்கிறார். நாவலின் பெரிய பலம் அதுதான். ஆனால் கேத்தியிடம் மட்டும் ஓரவஞ்சனை. பிறவியிலேயே கோணலானவள் என்று எழுதிவிட்டார். மகனுக்கு உள்ள தெரிந்தெடுக்கும் உரிமை தாய்க்கு ஏன் இல்லை? ஊழ்வினையில் ஊறிய நம் காதுக்குக்கூட இது கொஞ்சம் அதிகம். அந்த விஷயத்தில், யாரையும் பிறவிக் கொடியவர் ஆக்காத மலைக்கதையையே நான் மேலாக வைப்பேன்.

இரட்டையரை வளர்த்த சீன வம்சாவளிச் சமையல்காரர் லீதான் நாவலின் மனச்சாட்சி. படுத்த படுக்கையான அப்பாவிடம் காலுக்காக வாதாடுபவர் அவரே. 1955-ல் எலியா கசான் எடுத்த படத்தில் லீ கிடையவே கிடையாது. ஆகவே படம் பார்த்தவர்களும் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். அறுநூறு பக்கம், ஏற்காட்டு ஐப்பசி மழைக்குச் சரியாக இருக்கும்.