மண்ணுக்கு எரு, பயிருக்கு உரம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாக இங்கே கூடுகிறோம். இன்று சோளத்துக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். "சங்கக் கூட்டத்தில் சோளமா?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது என் காதில் விழுகிறது. சிரிக்க வேண்டாம். இதுவும் நம் வயிற்றைப் பற்றிய பேச்சுத்தான்.

மறு நடவு செய்த காட்டில், ரப்பர் கன்றுகள் ஓங்கி நிழல் விழும் வரையில், இடை வரிசைகளில் நாம் சோளம் பயிர் செய்து கொள்ளலாம் என்று நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ரப்பர் கன்று வாடக் கூடாது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாத நாளில் வருமானம் குறையும். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. அந்தக் குறையைச் சோளம் ஓரளவு ஈடு கட்டும். ஆனால் மண்ணின் சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டுக் கன்றை வாட விட்டோமானால், அடுத்த பட்டத்துக்கு அனுமதி இராது. ஆகவே, உரம் என்பது இங்கே வெறும் விவசாய விஷயம் அன்று. கையில் கிடைத்ததைக் காப்பாற்றிக் கொள்ளும் விஷயம்.

நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "எரு போதும், மூட்டை உரம் விஷம்" என்பது ஒரு கட்சி. "மூட்டை உரம் இருக்கும்போது எருவைச் சுமப்பானேன்?" என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்து அடிபட்டவன். முதல் தடவை, பண்ணையிலிருந்து வந்த பச்சைக் கோழி எருவைக் குழியில் கொட்டி, அதன் மேலேயே விதையைப் போட்டேன். முளைத்ததெல்லாம் வெந்து போயிற்று. லயம் முழுவதும் ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டாம் தடவை எருவே வேண்டாமென்று, மூட்டை உரம் முழுவதையும் ஒரே நாளில் வீசினேன். அன்றிரவு பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. செடி பச்சை கட்டுவதற்கு முன்னே என் காசு கால்வாயோடு போய்விட்டது. மூன்றாம் தடவைதான் இரண்டையும் அளந்து சேர்த்தேன், கதிர் பிடித்தது.

தோழர்களே! எரு என்பது நம் சேமநிதியைப் போன்றது. இரசாயன உரம் கைச் சம்பளத்தைப் போன்றது. சேமநிதியை நம்பி இன்றைக்கு உலை வைக்க முடியாது. கைச் சம்பளத்தை மட்டும் நம்பினால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது. குடும்பத்துக்கு இரண்டும் வேண்டியிருப்பது போலவே மண்ணுக்கும் வேண்டியிருக்கிறது.

எருவில் உள்ள தழைச்சத்தில் பெரும் பகுதியை வேர் நேராக உண்ண முடியாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிறுகச் சிறுகச் சிதைத்துக் கொடுக்க வேண்டும். சோளமோ எழுபது, எழுபத்தைந்து நாளில் கதிர் ஒடிக்கும் பயிர். முழங்கால் உயரம் வந்தது முதல் உச்சியில் பூ வரும் வரையில் அதற்குப் பேய்ப் பசி. அந்தப் பசிக்கு எரு மட்டும் ஈடு கொடுக்காது. இரசாயன உரமோ கரைந்தவுடன் வேருக்குக் கிடைக்கும். அதே வேகத்தில் மழையோடும் போய்விடும். மண்ணில் மக்கு இருந்தால் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். மழை அடித்து அடித்துச் சத்துக் கழுவப்பட்ட நம் நாட்டு மண்ணில் இந்தப் பிடிப்பு மிகவும் அவசியம்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1876-ஆம் ஆண்டு முதல் சோளம் பயிரிட்டுச் சோதித்து வரும் நிலம் ஒன்று இருக்கிறது. அதற்கு மாரோ பாத்திகள் என்று பெயர். அந்தப் பயிரின் மேல் நிழல் விழக் கூடாதென்று, 1969-இல் பக்கத்தில் எழுந்த நூலகத்தைப் பூமிக்கு அடியில் கட்டினார்கள்! அங்கே பல்லாண்டு காலம் எருவும் உரமும் காணாமல் கிடந்த பாத்திகள் சிலவற்றுக்கு 1955-இல் சுண்ணாம்பும் இரசாயன உரமும் இட்டார்கள். விளைச்சல் உடனே எழும்பியது. பசித்த பயிருக்கு மூட்டை உரம் சோறு போடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பல்லாண்டாக இழந்த மக்கை அது ஒரு பட்டத்தில் திருப்பித் தந்து விடாது.

இனி, கிராணி வேலைக்கு வருகிறேன், கணக்குப் போடுவோம். சோளம் நிற்கும் இடம் மட்டும் கால் ஏக்கர் என்று கொள்ளுங்கள். அதற்குத் தழைச்சத்து 12 கிலோ வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். எரு இல்லாமல் செய்தால், 15:15:15 கலப்பு உரம் 40 கிலோவில் 6 கிலோ, யூரியா 13 கிலோவில் 6 கிலோ, ஆக 12 கிலோ தழைச்சத்துக் கிடைக்கும். நன்கு மக்கிக் காய்ந்த கோழி எரு 500 கிலோ போட்டால் என்ன ஆகும்? நூற்றுக்கு 2 வீதம் அதில் 10 கிலோ தழைச்சத்து. இந்தப் பட்டத்தில் 4 கிலோதான் கைக்கு வரும் என்று குறைத்தே மதிப்போம். மீதி 8 கிலோவுக்குக் கலப்பு உரம் 27 கிலோ, யூரியா 9 கிலோ போதும். 53 கிலோ வாங்க வேண்டிய இடத்தில் 36 கிலோ. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் எருவிலேயே ஓரளவு வந்து விடும்.

எருவைப் போட்டுவிட்டு, மூட்டை உரத்தையும் பழைய அளவிலேயே போடுகிறவர்கள் நம்மில் பலர். அது ஒரே சாமானுக்கு இரண்டு தடவை பணம் கட்டுவது போன்றது. எரு பண்ணைக்குப் பண்ணை வேறுபடும். ஆகையால் இலையையும் பாருங்கள். அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சளித்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இளஞ்செடி ஊதா நிறம் காட்டினால் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு.

வேலை முறை இதுதான். விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பு மண்ணைப் பரிசோதித்து, புளிப்பு மிகுந்திருந்தால் சுண்ணாம்புக்கல் தூள் இட வேண்டும். சோள வரிசைக்கு மட்டும் இடுங்கள். ரப்பர் புளிப்பு மண்ணைத் தாங்கும், சோளம் தாங்காது. விதைக்க ஒரு வாரம் இருக்கும்போது மக்கிய எருவை இட்டுக் கொத்திக் கலக்க வேண்டும். முளைத்துப் பத்தாம் நாள் கலப்பு உரம், செடிக்கு ஒரு சிறு கரண்டி. யூரியாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இருபத்தைந்தாம் நாளிலும் மறு பாதியைப் பூ வருவதற்குச் சற்று முன்னும், வரிசையோரம் நான்கு விரல் தள்ளிக் கோடு கிழித்து இட்டு மண்ணால் மூடுங்கள். மேலே வீசினால் ஒரு பகுதி காற்றோடு போகும். பெருமழை வரும் அறிகுறி இருந்தால் ஒரு நாள் பொறுங்கள். யூரியாவைச் சுண்ணாம்போடும் அடுப்புச் சாம்பலோடும் ஒருபோதும் கலக்க வேண்டாம். ரப்பர் கன்றின் அடியிலிருந்து நான்கு அடியாவது விலகியே சோளம் நிற்கட்டும்.

பச்சை எருவை லயத்துக்கு எட்ட, கன்வாஸ் போட்டு மூடிக் குவித்து, சூடு தணியும் வரை புரட்டிப் புரட்டி மக்க விடுங்கள். சோளத் தட்டையையும் வெட்டிய புல்லையும் அதில் சேர்க்கலாம். ஆனால் பெரிய மரங்களின் கீழே உதிர்ந்து கிடக்கும் இலையை வாரி வராதீர்கள். அது அந்த மரங்களின் சாப்பாடு.

2021, 2022-ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் உர விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். யூரியா நம் நாட்டில் பிந்துலுவிலும் குரூணிலும் உற்பத்தியாகிறது. சாம்பல் சத்து உரமோ கப்பலில் வர வேண்டும். எங்கோ போர் மூண்டால் இங்கே மூட்டை கனக்கிறது. கோழி எருவின் கதை வேறு. நம் கோழிகள் தின்பது பெரும்பாலும் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளைந்த சோளம். அந்த மண்ணின் சத்து பண்ணை வாசலில் குவிந்து கிடக்கிறது. அதை நாம் ஏன் விட வேண்டும்?

கடைசியாக இரண்டு வார்த்தை. தனித்தனியே வாங்கினால் லோரிக் கூலியே நம்மைத் தின்றுவிடும். நான்கு குடும்பம் சேர்ந்து எருவும் உரமும் வாங்குங்கள். ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கணக்கெழுத நான் இருக்கிறேன். மற்றொன்று: "சோளம் விற்கிறீர்களே, சம்பள உயர்வு எதற்கு?" என்று எவரேனும் கேட்டால் தலையாட்டி விடாதீர்கள். சோளம் நாம் ஓய்வு நேரத்தில் சிந்திய வியர்வை. சம்பளம் நாம் சீவிய மரத்துக்குரிய நியாயம். ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க இடம் தரக் கூடாது.

மண்ணுக்கு எரு, பயிருக்கு உரம், உழைப்புக்கு ஊதியம். மூன்றும் உரிய அளவில் வேண்டுமென்று கேட்டுக் கொண்டு அமர்கிறேன்.