பிளப்பதில் விளையும் பயன்

(ஊராட்சித் தூய்மைக் காவலர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

'கிளைகாலிசிஸ்' என்னும் சொல்லைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன். விஞ்ஞானத்தில் இச்சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கும். ஒன்று உயிரணுக்களில் நிகழ்வது. மற்றொன்று தொழிற்சாலையில் நிகழ்வது. இரண்டும் ஒன்றல்ல. எனினும், பெரியதொன்றைப் பிளந்து பயன் காண்பது இரண்டுக்கும் பொதுவாகும்.

முதலில் உடலைக் காண்போம். நாம் உண்ணும் சோறும் களியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. உயிரணுக்கள் அதனைப் பத்துப் படிகளில் பிளக்கின்றன. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து பைருவேட் மூலக்கூறுகள் இரண்டு உண்டாகின்றன, ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளில் இரண்டு மூலக்கூறுகள் நிகர ஆதாயமாகின்றன. இதற்குப் பிராணவாயு வேண்டுவதில்லை. ஆகவேதான், மூட்டை சுமந்து விரைபவரின் தசைக்குப் பிராணவாயு போதாத வேளையில் இது கைகொடுக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களோ சக்திக்கு இதனையே முற்றிலும் நம்பியுள்ளன. பாலில் உறை ஊற்றினால், நுண்ணுயிர்கள் இவ்வழியிலேயே சர்க்கரையைப் பிளந்து, லாக்டிக் அமிலமாக்கி, தயிரைத் தருகின்றன.

இனி, நாம் எறிந்துவிடும் குடிநீர்ப் புட்டியைக் கவனிப்போம். அது 'பெட்' என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1941-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதனைக் கண்டனர். இதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். புட்டிகளைத் துண்டாக்கி, எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் இட்டு, துத்தநாக அசிட்டேட் போன்ற கிரியா ஊக்கியுடன் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சூடேற்றினால், சங்கிலிகள் அறுந்து சிறு மூலக்கூறுகளாகின்றன. அவற்றைத் தூய்மை செய்து, மீண்டும் கோத்துப் புதிய பிளாஸ்டிக் ஆக்கலாம். இது தொழிற்சாலைக்கே உரிய வேலை, வீட்டில் முயலலாகாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாயிருப்பினும் கொடிய நஞ்சு.

இதில் கிராமத்தின் பங்கு யாதெனில், பிரித்துக் கொடுப்பதேயாம். பாலித்தீன் பைகளை இம்முறை பிளப்பதில்லை. பி.வி.சி. கலந்தாலோ, சூட்டில் அமில வாயு எழுந்து முழுச் சரக்கையும் கெடுக்கும். ஆதலின், முக்கோணக் குறியினுள் 1 என்னும் எண் உள்ள புட்டிகளைத் தனியே சேர்க்க வேண்டும். மூடியையும் மேலுறையையும் கழற்றிவிட வேண்டும். 3 என்னும் எண்ணுள்ள பி.வி.சி. பொருளை அவற்றோடு சேர்க்கலாகாது. எஞ்சிய நீரை வடித்துவிடுதலும் அவசியம்.

வீட்டில் இதற்கு ஒரு நிமிடம் போதும். அதனை நாம் செய்யத் தவறினால், நூறு வீட்டுக் குப்பையைத் தூய்மைக் காவலர் ஒருவர் தம் கையால் கிளற வேண்டும். அப்பொழுதும் சோறும் சாணமும் படிந்த புட்டிக்கு விலை கிடைப்பது அரிது. முடிவில் அது குளக்கரையில் கொளுத்தப்பட்டு, அதன் புகையை நம் குழந்தைகளே சுவாசிக்கின்றனர்.

தலைவர்களே! அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இரு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். பெட் புட்டிகளை வீடுதோறும் தனிச் சாக்கில் சேர்த்துத் தருவது ஒன்று. ஊர் எல்லையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதில்லை என்பது மற்றொன்று. விற்று வரும் தொகையைத் தூய்மைக் காவலர்களுக்கே அளிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். உழைப்பவர் பயன் பெற்றால் திட்டம் நிலைக்கும்.