பழைய படகை விற்கும்போது டீசல் கணக்கு

(வானொலி உரை)

வேளாண்மைத் துறைக்காரன் படகைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று சிலர் நினைக்கலாம். வேதாரண்யம் பக்கத்து நேயர்களுக்கு இது புதுமையாக இருக்காது. அங்கே ஒரே வீட்டில் அண்ணன் மணல் தோட்டத்தில் முல்லைக்குத் தண்ணீர் இறைப்பார். தம்பி கடலுக்குப் போவார். இருவரிடமும் இருப்பது டீசல் என்ஜின்தான். அப்படி ஒரு வீட்டுக்கு பம்புசெட் பார்க்கப் போயிருந்தேன். தம்பிக்காரர் என்னைத் தனியே அழைத்து, "சார், என் ஃபைபர் படகைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். பத்துக் குதிரை என்ஜின். வர்ற ஆளு எல்லாம் டீசல் எவ்வளவு குடிக்கும்னுதான் முதல்ல கேக்குறான். குறைச்சுச் சொன்னாத்தானே விலை படியும்?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் அதே கரையில் நடந்த ஒரு சங்கதியை அவருக்கு நினைவுபடுத்தினேன். ஒருவர் தம் படகை விற்றார். 'மணிக்கு ஒரு லிட்டர்' என்று சொல்லித்தான் விற்றார். வாங்கியவர் அதை நம்பி, போக மூன்று மணி, வர மூன்று மணி, கைக்காவலுக்கு இரண்டு லிட்டர் என்று எட்டு லிட்டர் ஊற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு மணி நேரத்திலேயே என்ஜின் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நீவாடு இழுத்த பக்கம் படகு போனது. அந்தப் பக்கம் இலங்கை எல்லை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் வேறொரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தது. பிறகு ஊர்ப் பஞ்சாயத்து, வாய்ச்சண்டை, பணம் திருப்புதல் எல்லாம் நடந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் காலையில் போய் எட்டு மணி நேரம் கழித்துக் கரைக்கு வருவார். எட்டு லிட்டர் செலவாகும். ஆகவே மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டார். ஆனால் அந்த எட்டு மணியில் என்ஜின் ஓடியது நாலு மணிதான். மற்ற நேரம் வலையைப் போட்டுவிட்டுச் சும்மா மிதந்திருக்கிறார். கடலில் இருந்த மணி வேறு, என்ஜின் ஓடிய மணி வேறு. ஓடிய மணிக்கு இரண்டு லிட்டர் என்பதுதான் சரியான பதில்.

சிலர் மோட்டார் சைக்கிள் வாங்குவதுபோல, 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். கடலில் காற்றும் நீவாடும் ஒரு நாளைப்போல் மறுநாள் இருப்பதில்லை. மணிக்கு எத்தனை லிட்டர், என்ன வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு என்று சொல்லுங்கள்.

அளப்பது சுலபம். படகு ஆடாமல் நிற்கும் இடத்தில் டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். வழக்கமான ஆட்கள், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏறட்டும். வெறும் படகை ஓட்டிக் காட்டுவது மாப்பிள்ளைக்கு இரவல் சட்டை போட்டுப் பெண் பார்க்கப் போவது மாதிரி. வழக்கமாக ஓட்டும் வேகத்தில் அரை மணி ஒரு திசையில் போய், அதே வழியில் திரும்புங்கள். ஒரு பக்கம் நீவாடு தள்ளும், மறு பக்கம் எதிர்க்கும். கணக்கு ஓரளவு நேராகும். வந்ததும் அளவுப் படியால் மறுபடி கழுத்துவரை ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினீர்களோ, அதுதான் அந்த ஒரு மணி நேரச் செலவு. வாங்குகிறவரையும் கூடவே ஏற்றிக்கொண்டு போனால் பேச்சுக்கே இடமில்லை.

கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. சிறிய டீசல் என்ஜின், முழு பாரத்தில், குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் எடுக்கும். பத்துக் குதிரைக்கு இரண்டரை லிட்டர். முழு வேகத்தில் ஒரு லிட்டர்தான் குடிக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த என்ஜின் நாலு குதிரை வேலைதான் செய்கிறது என்று அர்த்தம். மூன்று லிட்டருக்கு மேல் போனால் கோளாறு தேடவேண்டும். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் தேய்ந்திருக்கலாம், அல்லது புரொப்பெல்லர் என்ஜினுக்குப் பெரிதாக இருக்கலாம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் டீசல் கூடும். இவற்றைச் சரிசெய்த பிறகு அளந்து காட்டுவதில் தப்பே இல்லை. கோளாறை வைத்துக்கொண்டு பெயிண்ட் மட்டும் அடிப்பதுதான் தப்பு.

'உங்களுக்கு இரண்டு, பக்கத்துப் படகுக்கு ஒன்றரையா?' என்று கேட்டால் தயங்காதீர்கள். ஓட்டும் விதம் அப்படி. சுற்று வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் புரொப்பெல்லருக்கு வேண்டிய சக்தி கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். மணிக்கு 6 கடல் மைல் போகும் படகு, மணிக்கு இரண்டு லிட்டர் வீதம், 10 கடல் மைலுக்கு 3.3 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். வேகத்தை 5.4 ஆக்கினால் 2.7 லிட்டரில் போய்ச் சேரலாம். கூடுதல் நேரம் பதினோரு நிமிஷம்தான். இதை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொன்னால், உங்கள் இரண்டு லிட்டர் அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

மானிய டீசல் புத்தகத்தைக் காட்டச் சொல்வார்கள். காட்டலாம். ஆனால் அது வாங்கிய டீசலின் கணக்கே தவிர, எரிந்த டீசலின் கணக்கு அல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டில் பத்து நாள் ஓடிய மணியையும் ஊற்றிய லிட்டரையும் எழுதிவைத்தால் அதைவிட மதிப்பு அதிகம்.

அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். அளந்து பார்த்ததில் 2.1 லிட்டர் வந்தது. வாங்க வந்தவர் கொஞ்சம் விலையைக் குறைத்தார். இவரும் கொஞ்சம் இறங்கினார். நோட்டை அவர் கையில் கொடுத்து, "போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்குன்னு ஊத்திக்குங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினாராம்.